பாஸ்புக்கில் பதிந்து தர மாட்டோம் என்ற வங்கி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வங்கித் தலைமையகத்தில் இந்த முடிவை எடுத்தவர்களுக்கு,

தென்காசி மாவட்டத்தில் இருக்கும் உங்கள் கிளை ஒன்றின் கண்ணாடிக் கதவில் சென்ற மே மாதம் ஒரு தாளை ஒட்டினீர்கள். கவுண்டரில் இனி பாஸ்புக் பதிந்து தரப்பட மாட்டாது, வாசலில் உள்ள மெஷினில் வாடிக்கையாளர்களே பதிந்துகொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த மெஷின் சித்திரையிலிருந்தே ஓடவில்லை. ஆகஸ்டில் அதையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டீர்கள். அது நின்ற இடத்துச் சுவரில் இப்போது இரண்டாவது தாள் இருக்கிறது. பாஸ்புக் விவரங்களை மொபைல் ஆப்பில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். 10,000 ரூபாய்க்குக் குறைவாகப் பணம் எடுப்பவர்களும் கவுண்டருக்கு வர வேண்டாம், ஏடிஎம்முக்கோ, ஊரில் வங்கிக்காகப் பணம் கொடுத்து வாங்கும் முகவரிடமோ போக வேண்டுமாம்.

அந்தக் கிளையில் என் அம்மாவுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது. அம்மாவுக்கு வயது 73. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். எண்களை என்னைவிட வேகமாக வாசிப்பார். ஆங்கிலம் தெரியாது. கையில் இருப்பது பட்டன் போன். நாற்பது வருடம் பீடி சுற்றியவர், அதற்கான பி.எஃப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்கில்தான் வருகிறது. நான் மாதாமாதம் அனுப்புவதும் அதில்தான் விழும். அவர் வாழ்நாளில் 10,000 ரூபாயை ஒரே தடவையில் எடுத்தது இரண்டு முறை. ஒன்று அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு, இன்னொன்று அப்பாவின் காரியத்துக்கு. உங்கள் இரண்டாவது தாளின்படி, என் அம்மா இனி அந்தக் கிளைக்குள் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

நான் ஆப்புக்கும் கணினிக்கும் எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன், இ-வே பில், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது என்று எல்லாமே எனக்குத் திரையில்தான். கொத்தமல்லிக் கட்டு வாங்கினாலும் யுபிஐயில்தான் கொடுக்கிறேன். சென்ற வருடம் அம்மாவின் பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றை என் போனிலேயே போட்டேன். புழக்கடையில் வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, திரையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். மூன்றாவது தடவையில் முடிந்துவிட்டது. பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். நல்ல காரியம் அது, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வேலையை நான் கூட இருந்து செய்தேன், அதுவும் வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் தாள் கேட்பது வேறு. தன் பணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே அம்மா தினமும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டும் என்கிறது அது.

பாஸ்புக் என்பது அம்மாவுக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பீடிக் கம்பெனியில் இலையையும் தூளையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் எண்ணி எடுத்துக்கொள்வார்கள். 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை எவ்வளவு கொடுத்தது, பீடி எவ்வளவு வந்தது, சரியில்லை என்று எவ்வளவு கழித்தது, எல்லாம் ஒரு சின்னக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படும். அம்மா அந்தப் புத்தகத்தை வாசித்துத்தான் எண் படித்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள், இருநூறு பீடியைக் கூடுதலாகக் கழித்துவிட்டார்கள் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். கடைக்காரர் முதலில் சத்தம் போட்டார். அம்மா புத்தகத்தை மேசைமேல் விரித்துவைத்து, வரி வரியாக விரலை வைத்துக் காட்டினார். இருநூறுக்கும் கூலி வந்தது. அன்று திரும்பி வரும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எழுத்துல இருந்தாத்தான் ஏட்டி நம்ம பேச்சு பேச்சு."

வங்கிக் கணக்கு தொடங்கியதும் அந்த இடத்தை உங்கள் பாஸ்புக் பிடித்துக்கொண்டது. மாதம் ஒருநாள் மஞ்சப்பையில் அதை வைத்துக்கொண்டு கிளைக்குப் போவார். பதிந்து வாங்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டுவார். பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்வார். நான் அனுப்பிய பணத்துக்கு நேரே 'மக', பென்ஷனுக்கு 'பீடி', சிலிண்டர் மானியத்துக்கு 'கேஸ்'. எந்த வரிக்குப் பக்கத்தில் எதுவும் எழுத முடியவில்லையோ அதை வட்டம் போட்டு வைப்பார். நான் ஊருக்குப் போகும்போது அந்த வட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்படி ஒருமுறை வட்டம் போட்டிருந்தது 17 ரூபாய் 70 பைசாவுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தொகை பிடிக்கப்பட்டிருந்தது. எஸ்எம்எஸ் கட்டணம் 15 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. நான் விளக்கியதும் அம்மா கேட்டார்: "என்ன எஸ்எம்எஸ்? எனக்கு ஒண்ணும் வரலியே?" போனை வாங்கிப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் வந்திருந்தன, எல்லாம் ஆங்கிலத்தில். எதையும் அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன்னால் வாசிக்கவே முடியாத செய்திக்கு வருடம் 70 ரூபாய் 80 பைசா கட்டிக்கொண்டிருந்தார். பாஸ்புக் என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்த 17 ரூபாய் 70 பைசா எங்கள் இருவர் கண்ணிலும் பட்டிருக்காது.

சரி, ஆப்பையே போட்டுக் கொடுத்துப் பார்ப்போம் என்று போன தீபாவளிக்கு என் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் ஆப்பை வடிவமைத்தவர்களில் யாராவது ஒருவர் ஒரு பீடித் தொழிலாளி பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திறந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஆப்பில் பதிவு செய்ய ஏடிஎம் கார்டு வேண்டும் என்றது. அம்மா கார்டைப் பயன்படுத்தியதே இல்லை, அதன் தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புதிய கார்டுக்கு எழுதிக் கொடுத்து, அது வந்து சேர மூன்று வாரம். அதற்குப் பிறகு அடுத்த விடுமுறையில் போய் மறுபடி ஆரம்பித்தேன். பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்புக் குறி இருக்க வேண்டும் என்று தமிழிலேயே வந்தது. அம்மா பக்கத்தில் இருந்து வாசித்துவிட்டுக் கேட்டார்: "தமிழ்ல ஏதுட்டி பெரிய எழுத்து, சின்ன எழுத்து?" எனக்குப் பதில் இல்லை. நானே ஆங்கிலத்தில் ஒன்றை அடித்து, அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று நீங்கள் சொல்லும் பாஸ்வேர்டு, பிறந்த அன்றைக்கே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டுவிட்டது.

அப்புறம் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். இங்கேதான் எனக்குக் கோபமே வந்தது. பென்ஷன் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். வாசித்ததும் முகம் மாறிவிட்டது. "ஏட்டி, நான் யார்ட்டயும் கடன் வாங்கலியே?" திரையில் "கடன்: ரூ.1,000.00" என்று இருந்தது. கணக்கில் பணம் வந்ததைக் குறிக்கும் 'கிரெடிட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் இருக்கும் இன்னொரு பொருளை எடுத்துப் போட்டுவிட்டீர்கள். நாற்பது வருடம் உழைத்ததற்கு வரும் பென்ஷனைக் கடன் என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறது உங்கள் ஆப். அதற்குக் கீழே "சமநிலை" என்று இருந்தது. அது கையிருப்பாம்.

வரவு, பற்று, இருப்பு. கணக்கு எழுதும் எவருக்கும் தெரிந்த சொற்கள். பேரேடும் குறிப்பேடும் எழுதிய மளிகைக் கடைகளில் காலங்காலமாகப் புழங்கும் சொற்கள். நானும் என் கடையில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன். எல்லாவற்றையும் விட, அம்மாவின் பழைய பாஸ்புக்கின் கட்டத் தலைப்பில் நீங்களே அச்சடித்திருக்கும் சொற்கள் அவைதாம். அந்தப் பாஸ்புக்கை எடுத்துவைத்துப் பார்த்தாலே சரியாக எழுதியிருக்கலாம். நன்றாக இருந்த தமிழைத் தொலைத்துவிட்டு, அகராதியைப் புரட்டி இன்னொன்றைக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே திரை வெள்ளையாகி "நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்" என்று வந்தது. அம்மாவின் விரல் மூன்றாவது வரியில்தான் இருந்தது. "என்னைய எதுக்கு வெளியேத்துனாவ? நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் திரையைத் தொடாமல் இருந்தால் பாதுகாப்புக்காக ஆப் தானாக மூடிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கு மூன்று வரி வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும். பாஸ்புக் அவரை ஒருநாளும் வெளியேற்றியதில்லை.

மறுநாள் காலை அவரே தனியாகத் திறந்து பார்த்திருக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் திறந்ததும் திரை முழுக்க நகைக் கடன் விளம்பரம் வந்திருக்கிறது. 'விண்ணப்பிக்க' என்பது கட்டைவிரல் அகலத்துக்கு நீலப் பட்டையாக இருக்கிறது. மூடுவதற்கான பெருக்கல் குறியோ மேல் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கடுகளவு. அம்மா எதைத் தொட்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த இரண்டு வாரம் கடன் வேண்டுமா என்று அழைப்புகள், பாதி இந்தியில், அதுவும் சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்களிலிருந்து. வங்கிகள் பரிவர்த்தனை சார்ந்த அழைப்புகளை 1600 வரிசை எண்ணிலிருந்தும், விளம்பர அழைப்புகளை 140 வரிசையிலிருந்தும்தான் செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. கேஒய்சி (வங்கியில் கொடுத்த அடையாள விவரம்) காலாவதியாகிவிட்டது, கார்டு நம்பரைச் சொல்லுங்கள் என்று பேசும் மோசடிக்காரனும் பத்து இலக்க எண்ணில்தான் அழைக்கிறான். இரண்டு குரலையும் அம்மா எப்படிப் பிரித்து அறிவார்? வேண்டாததைச் செய்யவைக்கும் இப்படிப்பட்ட திரை உத்திகளை 13 வகையாகப் பட்டியலிட்டு, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. வேண்டுமென்றே ஒன்றைப் பெரிதாகவும் ஒன்றைச் சிறிதாகவும் வைத்து விரலைத் திருப்புவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அழைப்புகளுக்குப் பயந்து அம்மா அந்தப் போனை அணைத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

சரி, அதற்குப் பிறகு அம்மா எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்க வேண்டும் இல்லையா? எனக்கும் அது தை மாதம்தான் தெரிந்தது. இந்த மடலை எழுதவைத்தது அதுதான்.

உங்கள் முகவரிடம் போய்ப் பணம் எடுக்க முடியவில்லை. விரலை வைக்கிற மெஷின் அம்மாவின் ரேகையை எடுக்காது. இலையை வளைத்து, தூளை வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டி உருட்டியே அந்த இரண்டு விரலும் வழவழவென்று ஆகிவிட்டன. சோப்புப் போட்டுக் கழுவி, தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி, இடது கை, வலது கை, சுண்டுவிரல் வரைக்கும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் பீடி சுற்றிய முக்கால்வாசிப் பெண்களுக்கு இதே கதைதான். ரேகை தேய்ந்தது அவர்கள் குற்றமா?

அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். நெட் சென்டரும் அதுதான். கடைப் பையன் கல்லூரி முடித்தவன், தங்கமான பிள்ளை. ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு இருப்பு பார்த்துச் சொல்கிறான், கார்டை வாங்கிக்கொண்டு போய் எதிரே உள்ள ஏடிஎம்மில் பணம் எடுத்தும் தருகிறான். அம்மாவின் உயிர்வாழ் சான்று நகல் எடுக்க நான் அங்கே போயிருந்தேன். நான் யார் மகள் என்று சொன்னதும், விவரம் பார்க்க ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினான்.

நாற்பது பக்க ரூல் போட்ட நோட்டு அது. அட்டையில் பிள்ளையார் சுழி. ஒவ்வொரு வரியிலும் ஆள் அடையாளம், கணக்கு எண், மொபைல் எண், கடைசியாக நான்கு இலக்கம். பூக்கடைப் பாட்டி, மேலத்தெரு அத்தை, தபால்காரர் வீட்டம்மா, டீக்கடைத் தாத்தா. என் அம்மாவின் பெயருக்கு 'பீடிக்காரப் பெரியம்மா' என்று இருந்தது. அதற்கு நேரே அவருடைய ஏடிஎம் பின் நம்பர், நீல மையில். மறந்துபோய்த் தப்பாக அடித்து மூன்று தடவையில் கார்டு முடங்கிவிடுகிறது, அதனால் அவர்களே எழுதிவைக்கச் சொன்னார்கள் என்றான். எண்ணிப் பார்த்தேன், அந்த இரண்டு பக்கத்தில் மட்டும் முப்பத்தொரு பேர்.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் வந்து நிற்கும் கிழவிகளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறவன் அவன். ஆனால் நாளைக்கு அந்தக் கடையில் வேறொருவன் உட்காரலாம். அந்த நோட்டு ஒரு ராத்திரியில் காணாமல் போகலாம். அன்றைக்கு முப்பத்தொரு பேர் கணக்கும் துடைக்கப்பட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதியை எடுத்துக் காட்டுவீர்கள். வாடிக்கையாளர் தன் பின் நம்பரையோ ஓடிபியையோ பிறரிடம் சொன்னதால் பணம் போனால், அவர் வங்கியிடம் புகார் சொல்லும் நேரம் வரைக்குமான முழு நஷ்டமும் அவருக்கே என்று அதில் இருக்கிறது. கவனக்குறைவு என்று அதற்குப் பெயர்.

அந்தக் கவனக்குறைவு யாருடையது என்பதுதான் என் கேள்வி. யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கி ஊழியரிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று எஸ்எம்எஸ்ஸிலும் ரேடியோவிலும் சொல்கிறீர்கள். அதே நேரத்தில், யாரிடமாவது சொல்லாமல் இருந்தால் பணமே எடுக்க முடியாது என்ற நிலையில் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். கவுண்டர் இருந்தவரைக்கும் என் அம்மா ஒரு ரகசியத்தையும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாஸ்புக்கை நீட்டுவார், சீட்டில் கையெழுத்துப் போடுவார், பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொள்வார். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். இன்றைக்கு அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும்.

கிளை மேலாளரிடம் இரண்டு முறை பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். மூன்று பேர் செய்த வேலையைத் தான் ஒருவராகப் பார்ப்பதாகவும், மேலிடத்து உத்தரவு என்றும் சொன்னார். அதை நம்புகிறேன். அதனால்தான் அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இனி நான் கேட்கப்போவது எதுவும் சலுகை இல்லை. சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் தனிநபர்களுக்குப் பாஸ்புக் கொடுத்தாக வேண்டும், அதற்குக் காசு வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2006இலேயே சொல்லிவிட்டது. வாடிக்கையாளர் சேவை பற்றிய 2015 ஜூலை மாதத் தொகுப்புச் சுற்றறிக்கையில், பாஸ்புக்கும் படிவங்களும் ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்றும், பாஸ்புக்கில் புரியாத பதிவுகளைத் தவிர்த்து, சுருக்கமாக, விளங்கும்படி விவரம் எழுத வேண்டும் என்றும் சொன்னது. அம்மா வட்டம் போட்ட இடங்களெல்லாம் அந்த விதியை நீங்கள் விட்டுவிட்ட இடங்கள். 2017 நவம்பர் 9 சுற்றறிக்கை மூத்த குடிமக்களுக்கென்று அடையாளம் காணக்கூடிய தனிக் கவுண்டரோ, அவர்களுக்கு முன்னுரிமை தரும் கவுண்டரோ வேண்டும் என்றது. 70 வயது தாண்டியவர்களுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுப்பது, உயிர்வாழ் சான்று வாங்குவது போன்றவற்றை வீட்டிலேயே செய்து தர முயல வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான் அவகாசம் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் யார் வீட்டுப் படியையும் உங்கள் ஊழியர் யாரும் இதுவரைக்கும் மிதித்ததில்லை. வர முடியாவிட்டால் பரவாயில்லை. நடந்து வருகிறவர்களையாவது உள்ளே விடுங்கள்.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பச் செலவு கூடும் என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் சொன்னார்கள். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 குறி கொள்ளும், தமிழ் என்றால் 70தான், உண்மைதான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியாகக் கணக்காகும். அதனால் நானே ஒரு செய்தி எழுதி எண்ணிப் பார்த்தேன்: "உங்கள் கணக்கில் ரூ.1000 வரவு. இருப்பு ரூ.4,350." இடைவெளி, புள்ளி, காற்புள்ளி எல்லாம் சேர்த்து 47 குறி. 70க்கு இன்னும் 23 மிச்சம் இருக்கிறது. ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும். இதை அம்மாவுக்கு என் போனிலிருந்து அனுப்பினேன். பட்டன் போனிலேயே திறந்து, வாய்விட்டு வாசித்து, "இது யாரு அனுப்புனா? நல்லா வெளங்குது" என்றார்.

ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

கவுண்டரில் பாஸ்புக் பதியும் வேலையை உடனே திரும்பத் தொடங்குங்கள். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாள், இன்ன நேரம் என்று வாசலில் எழுதிப்போடுங்கள், எங்கள் ஊர் ஆட்கள் அந்த நாளில் வந்துகொள்வார்கள். மெஷின் வைப்பதானால் வையுங்கள், ஆனால் அது ஓடாத நாளில் கவுண்டரில் பதிந்து தர வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு கொடுங்கள்.

60 வயது தாண்டியவர்களும், ரேகை விழாதவர்களும், ஆப் வேண்டாம் என்பவர்களும் 500 ரூபாயாக இருந்தாலும் கவுண்டரிலேயே சீட்டு எழுதி எடுக்கலாம் என்று ஆக்குங்கள். அந்த 10,000 ரூபாய்த் தாளைக் கிழித்துவிடுங்கள்.

ஆப்பில் இருக்கும் 'கடன்' என்ற சொல்லை 'வரவு' என்றும், 'சமநிலை' என்பதை 'இருப்பு' என்றும் மாற்றுங்கள். இதற்குக் குழு எதுவும் போட வேண்டாம், உங்கள் பழைய பாஸ்புக்கின் முதல் பக்கம் போதும். மற்ற சொற்களைக் கணக்கு எழுதும் தமிழர் ஒருவரை வைத்துச் சரிபாருங்கள். வேறு ஆள் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து உட்காருகிறேன், சம்பளம் வேண்டாம். மெதுவாக வாசிப்பவர்களுக்குத் திரை மூடும் நேரத்தைக் கூட்டிவைத்துக்கொள்ள வழி செய்யுங்கள். ஆப்பைத் திறந்ததும் வரும் கடன் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸைத் தமிழில் கேட்பவர்களுக்குத் தமிழில் அனுப்புங்கள். அதுவரைக்கும் அந்த 17 ரூபாய் 70 பைசாவைப் பிடிக்காதீர்கள். இதுவரை பிடித்ததை அம்மாவின் கணக்கில் வரவு வையுங்கள்.

பெயரும் கையெழுத்தும் போட்ட புகாராக இதையே கிளையில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவைத்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோவேன். அதற்கான மனுவை எழுதிவைத்துவிட்டேன். ஜெராக்ஸ் கடை நோட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன், இதுவரை பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பதிலை எனக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். கணக்கு அம்மாவுடையது. அவர் பெயருக்கு, தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து, தபாலில் அனுப்புங்கள். அவரே வாசித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளியின் மகள்,
திருநெல்வேலி